கடன் என்று சொல்லப்படாத கடன்கள்

சிக்கல்

தமிழ் அகராதிகள் ‘கடன்’ என்னும் சொல்லுக்குத் தரும் பொருள்களுள் இரண்டு இன்றும் வழக்கில் வலுவாக உள்ளன. ஒருவர் செய்தே ஆக வேண்டிய முறைமை என்பது ஒன்று. திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு பெற்ற பொருள் என்பது மற்றொன்று. காலைக்கடன், நீத்தார்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன் ஆகிய தொடர்களில் முதற்பொருளும், பயிர்க்கடன், நகைக்கடன், வாராக்கடன் ஆகியவற்றில் இரண்டாம் பொருளும் அமைந்துள்ளன. விருப்பமின்றி ஒரு வேலையைச் செய்து முடிப்பவரைக் குறித்துக் ‘கடனே என்று செய்தார்’ எனச் சொல்லும்போது இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. அச்செயல் முறைமையாகச் செய்யப்பட்டது என்பதும், தொல்லை தீர்ந்தால் போதும் என்ற மனநிலையில் அடைக்கப்பட்டது என்பதும் ஒரே தொடரில் அடங்குகின்றன.

இவ்விரு பொருள்களுக்கும் உள்ள உறவைப் பற்றி ஏராளமாகப் பேசப்பட்டுள்ளது. அதைவிடக் குறைவாகவே கவனிக்கப்பட்ட வேறொரு செய்தி உண்டு. பொருளியல் நோக்கில் கடனாகவே அமைந்தவையும் சட்டம் கடனாகவே கொள்பவையுமான பல கொடுக்கல் வாங்கல்கள், அன்றாடத் தமிழில் ‘கடன்’ என்ற பெயரைப் பெறுவதில்லை. அவை கைமாற்று, பாக்கி, ஒத்தி, மொய், முன்பணம் என்று தனித்தனிப் பெயர்களால் வழங்குகின்றன. அப்பெயர்களைச் சொல்வோர் கடன் என்ற சொல்லை அறியாதவரல்லர்; அறிந்தே விலக்குகின்றனர். அவ்வாறு விலக்குவதால் என்ன கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கிறது, விலக்கப்பட்ட பெயரைச் சட்டம் வலிந்து சூட்டும்போது என்ன நேர்கிறது என்பனவே இக்கட்டுரை ஆராயும் வினாக்கள். ஒரு தொகைக்கு எந்தப் பெயர் இடப்படுகிறது என்பதே, அதற்கு ஈடாக எதை, எப்போது, யாரிடம் கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

அறமும் கடனும்: நிலவும் விளக்கங்கள்

கடமையின் வேர் கடனில் உள்ளது என்ற விளக்கத்துக்கு இந்திய மரபிலிருந்து அடிக்கடி காட்டப்படும் சான்று தைத்திரீய சம்ஹிதையில் உள்ளது. அந்தணன் பிறக்கும்போதே முனிவர்களுக்கும் தேவர்களுக்கும் முன்னோர்களுக்கும் பட்ட மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்றும், அவற்றைக் கல்வியாலும் வேள்வியாலும் மக்கட்பேற்றாலும் தீர்க்கிறான் என்றும் அந்நூல் கூறுகிறது. இதை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் மலமூத், வாங்கிய நிகழ்ச்சி ஒன்று இல்லாமலே கடன் மட்டும் இருக்கும் நிலையை இக்கருத்தின் தனித்தன்மையாகக் கண்டார். மனித வாழ்வே ஒரு மூலக்கடன் என்றும், வரியும் பணமும் அதிலிருந்து கிளைத்தவை என்றும் பின்வந்தோர் சிலர் இதை விரித்தனர். 2011இல் வெளிவந்த தம் நூலில் டேவிட் கிரேபர் அவ்விரிவைக் கடுமையாக மறுத்தார். எல்லாக் கடப்பாடுகளையும் கடனாகக் காண்பது, கணக்கிட முடியாதவற்றையும் கணக்குக்குள் இழுக்கும் வணிகப் பார்வையே என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

ஐரோப்பியச் சிந்தனையில் இதற்கு இணையாக நீட்ஷேயின் விளக்கம் நிற்கிறது. 1887இல் வெளிவந்த ‘அறத்தின் வம்சாவளி’ நூலின் இரண்டாம் கட்டுரையில், குற்றவுணர்வைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லும் பணக்கடனைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே என்பதை அடித்தளமாகக் கொண்டு, மனச்சான்றின் வரலாற்றைக் கடன் கொடுத்தவனுக்கும் பட்டவனுக்கும் உள்ள உறவிலிருந்து அவர் வரைந்து காட்டினார். இவ்விளக்கத்தைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவது தவறாகவே முடியும். தமிழில் கடன் என்ற சொல் முறைமையோடு இணைந்திருக்கிறதே தவிரக் குற்றத்தோடு இணைந்திருக்கவில்லை. கடன்பட்டவர் நாணலாம், அஞ்சலாம், கலங்கலாம். ஆனால் அந்நிலையைக் குற்றமாகக் காட்டும் பொருள் அச்சொல்லில் இல்லை.

பழந்தமிழ்ச் சான்று வேறு வழியில் செல்கிறது. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளங்காளை ஆகிய ஐவருக்கும் உரிய செயல்களைக் கடன் என்னும் சொல்லால் வரிசைப்படுத்துகிறது. இவ்வைவரில் எவரும் முன்பு பெற்ற எதையும் திருப்பித் தருவதாக அங்குக் கூறப்படவில்லை. கொடுத்தவர் என்று ஒருவர் அப்பாடலில் இல்லாததால், ‘யாருக்கு’ என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொருவரும் தம் நிலைக்குரியதைச் செய்கின்றனர் என்பதோடு பொருள் நிறைவடைகிறது. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் தொடங்கும் 211ஆம் குறள், கடப்பாட்டையும் கைம்மாற்றையும் ஒன்றினின்று ஒன்றைப் பிரித்து, மழையைச் சான்றாக்கி, கைம்மாறு கருதாததே கடப்பாடு என்று நிறுவுகிறது. மறுபக்கத்தில் செஞ்சோற்றுக்கடன் என்ற கருத்தில் உண்ட சோறு உண்டு, ஊட்டிய தலைவன் உண்டு, உயிரைக் கொடுத்துத் தீர்க்கும் கணக்கும் உண்டு. ஆகவே, பழந்தமிழில் கடன் முழுவதும் கைம்மாறு கருதாத அறமாகவே இருந்தது என்ற பெருமிதமும், தொடக்கத்திலிருந்தே கணக்காகவே இருந்தது என்ற ஐயவாதமும் சான்றுகளுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

சமயக் கடனும் பணக்கடனும் சட்டத்தில் நேரடியாகச் சந்தித்த இடம் ஒன்றுண்டு. இந்துச் சட்டத்தில், தந்தை பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமை என்ற கோட்பாடு நெடுங்காலம் நிலவியது. சூது, ஒழுக்கக்கேடு முதலியவற்றுக்காகப் பட்ட கடன் மட்டும் அதிலிருந்து விலக்கப்பட்டது. தந்தையின் ஆன்மா கடனிலிருந்து விடுபட வேண்டும் என்ற நம்பிக்கையே, கொடுத்தவர் மகனின் பங்குச் சொத்தைத் தொடுவதற்கான வழியாக நீதிமன்றங்களில் பயன்பட்டது. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதன்பின் ஏற்படும் கடன்களுக்கு, சமயக் கடமையை மட்டுமே காரணமாகக் காட்டி மகன் மீதோ பேரன் மீதோ வழக்கிட முடியாதவாறு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

கல்வெட்டுகள் காட்டுவது

சோழர் காலக் கல்வெட்டுகளில், குறிப்பாகப் பிற்காலச் சோழர் காலத்தில், ‘கடமை’ என்பது நிலவரியைக் குறிக்கும் முதன்மைச் சொற்களுள் ஒன்றாக வழங்கியது என்பதை நொபொரு கராஷிமா முதலியோரின் ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன. இன்று அறநெறிக்குரிய உயர்ந்த சொல்லாகப் பள்ளிச் சுவர்களில் எழுதப்படும் ‘கடமை’ அன்று அரசுக்குச் செலுத்திய இறையாகவும், புறநானூற்றில் முறைமையைக் குறித்த ‘கடன்’ இன்று வங்கிப் படிவத்தின் சொல்லாகவும் இருப்பதை நோக்கினால், அறத்திலிருந்து பணத்துக்குச் சரிந்த ஒருவழிப் பாதையாக இச்சொற்களின் வரலாற்றை வரைய முடியாது என்பது விளங்கும். தண்டல் என்னும் சொல்லும் இவ்வாறே வரி திரட்டுவதைக் குறித்து வந்து, இன்று சென்னைத் தெருக்களில் நாள்தோறும் தவணை வசூலிக்கப்படும் சிறுகடனுக்குப் பெயராகியுள்ளது.

கடனின் வடிவம் பற்றிக் கல்வெட்டுகள் தரும் செய்தி இதைவிட முக்கியமானது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் ஊர்ச் சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டன. ஒரு காசுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசையாகச் (வட்டியாகச்) செலுத்தச் சபைகள் ஒப்புக்கொண்டன. ஒரு விளக்கு அணையாது எரிவதற்கு 96 ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் பெறப்பட்டது. இவ்வகை ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. இறக்கும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டி சேர்ந்து தொகை குறையாமல் நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

முதல் ஒருபோதும் திரும்பக் கூடாது என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கமாக இருந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. முதலைத் திருப்பிவிட்டால் விளக்கு நின்றுவிடும். ஆடுகளைப் பெற்றவரும் அவர் வழியினரும் என்றென்றும் நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும். இதைக் கொடையாகப் பார்ப்பது கொடுத்தவரின் கண். பெற்றவருக்கு அது தீராத பொறுப்பு. கல்வெட்டு, செதுக்கச் செய்தவரின் மொழியில் பேசுவதால், அது அறக்கொடை என்றே பெயர் பெற்றது. எந்தப் பெயர் நிலைக்கும் என்பது யார் பெயரிடுகிறார் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

பேச்சு வழக்கில் விலக்கப்படும் சொல்

இன்றைய பேச்சில் கடன் என்ற சொல் தயங்கித் தயங்கியே வெளிப்படுகிறது. ‘கடன்காரன்’ என்பது கொடுத்தவரையும் குறிக்கும், பட்டவரையும் குறிக்கும். ‘கடன்காரன் வாசலில் நிற்கிறான்’ என்றால் கேட்க வந்தவர்; ‘ஊரெல்லாம் கடன்காரனாகிவிட்டான்’ என்றால் தர வேண்டியவர். வசையாகவும் அது பயன்படுகிறது. முற்பிறவியில் தர வேண்டியதை வசூலிக்கவே சில பிள்ளைகள் பிறக்கின்றன என்ற ருணானுபந்த நம்பிக்கை அவ்வசையின் பின்னணியில் உள்ளது. இரு தரப்பையும் ஒரே பெயரால் சுட்டும் இச்சொல், கடன் என்ற உறவில் சிக்கியவர் எப்பக்கம் நின்றாலும் மதிப்பிழக்கிறார் என்ற பொதுப்புரிதலைக் காட்டுகிறது. ‘கடனாளி’, ‘கடனீந்தோர்’ என்று பிரித்துச் சொல்லும் தேவை அலுவலகத் தமிழுக்கே ஏற்பட்டது.

மளிகைக் கடைகளில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகை தொங்குவதும், அதற்குக் கீழேயே வாடிக்கையாளர்களின் பற்றுக் கணக்கு நோட்டு இருப்பதும் முரண்பாடாகத் தோன்றலாம். பலகை அறிமுகமற்றவருக்கு, நோட்டு அறிமுகமானவருக்கு. நோட்டில் உள்ளதைக் கடைக்காரரும் வாங்கியவரும் ‘பாக்கி’ என்றோ ‘கணக்கு’ என்றோதான் சொல்வர். பாக்கி என்பது, நடந்துகொண்டிருக்கும் உறவில் இன்னும் நேர் செய்யப்படாத மீதி. ‘கடன் வைத்திருக்கிறார்’ என்று கடைக்காரர் சொல்லத் தொடங்கும் நாளில் அவ்வுறவு ஏறத்தாழ முடிந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

கைமாற்று இவற்றுள் மிக நுட்பமானது. நண்பரிடமோ உறவினரிடமோ சிறிது காலத்துக்கு வட்டியின்றிப் பெறும் தொகை இது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, பெரும்பாலும் நாளும் குறிக்கப்படுவதில்லை. இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு, மூன்று ரூபாய் என்று பேசிப் பெறும் தொகைதான் கடன். இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு என்று வங்கிமொழியில் யாரும் கணக்கிடுவதில்லை. ‘இரண்டு’ என்ற எண்ணின் சிறுமை அதன் சுமையை மறைக்கிறது. கைமாற்றுக்கு வட்டி கேட்பது, தொகையின் பெயரை மாற்றுவதாகும். பெயர் மாறும்போது நட்பின் தரமும் மாறுகிறது. சட்டத்தின் முன் இந்நுட்பம் நிற்பதில்லை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கொடுத்த கடனைக் கேட்டு வழக்கிடக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே உண்டு. கடன் உறுதிச் சீட்டாக, வழக்கில் சொல்வதானால் புரோநோட்டாக, எழுதி வாங்கியவர், கெடு முடியுமுன் ஒரு சிறு தொகையைப் பெற்றுச் சீட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பம் வாங்கி, காலத்தை மீண்டும் தொடங்க வைக்கலாம். கைமாற்றுக் கொடுத்தவர் எழுதி வாங்கியிருந்தால் அது கைமாற்றே அன்று. ஆக, மிகுந்த நம்பிக்கையில் கொடுக்கப்பட்ட தொகையே சட்டத்தில் எளிதாக இழக்கப்படுகிறது. எனினும் காலம் கடந்ததால் கடன் இறந்துவிட்டதாகச் சட்டம் கூறவில்லை. வழக்கிடும் வழி அடைபடுகிறது, அவ்வளவே. காலங்கடந்த கடனைத் தருவதாகக் கடன்பட்டவர் எழுதிக் கொடுத்தால் அவ்வாக்கு செல்லும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவில் ஏற்கிறது.

நகையை ஈடு வைத்துப் பெறும் பணத்துக்கும் கடன் என்ற பெயர் வீட்டுப் பேச்சில் அரிது. ‘வளையல் வங்கியில் இருக்கிறது’, ‘தாலிக்கொடியை வைத்திருக்கிறோம்’, ‘ஆடிக்குள் திருப்ப வேண்டும்’ என்றே பேசப்படும். வைத்தல், திருப்புதல் என்ற வினைகளில் பணம் பேச்சிலிருந்து மறைந்து, நகை மட்டும் வெளியூர் சென்று மீள்வதுபோல் நிற்கிறது. மீட்க முடியாமல் போனால் ‘மூழ்கிவிட்டது’ என்பர். அப்போதும் எழுவாய் நகையே.

ஒத்தியில் இவ்விலக்கம் தலைகீழாக உள்ளது. வீட்டு உரிமையாளருக்கு ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிச் சில ஆண்டுகள் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு தென்மாவட்டங்களில் ஒத்தி எனவும், சென்னைப் பகுதியில் போக்கியம் அல்லது லீஸ் எனவும் வழங்குகிறது. முறையாக எழுதப்பட்ட ஒத்தி, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் ஈடு பெற்றவர் அனுபவிக்கும் அடமானமாக வரையறுக்கப்பட்டுள்ளது. அதன்படி குடியிருப்பவர் கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் கடன்பட்டவர், வாடகையின்மையே வட்டி. ஆனால் எந்தத் தெருவிலும் ஒத்திக்கு விட்ட வீட்டுக்காரரைக் கடனாளி என்று சொல்லக் கேட்க முடியாது. குடியிருப்பவரே ‘சொந்த வீடில்லாதவர்’ என்ற குறைந்த மதிப்பைப் பெறுகிறார். சொத்துடையவர் வாங்கும் கடனுக்குக் கடன் என்று பெயரில்லை.

தமிழகக் கிராமங்களில் நெடுங்காலம் களப்பணி செய்த இசபெல் கெரின் முதலிய ஆய்வாளர்கள், குடும்பங்கள் தம் கடன்களை வட்டி விகிதத்தால் மட்டும் வரிசைப்படுத்துவதில்லை என்றும், யாரிடம் வாங்கியது, அதனால் மதிப்பு கூடுமா குறையுமா என்பதும் சேர்ந்தே எதை முதலில் அடைப்பது என்பதை முடிவு செய்கிறது என்றும் காட்டியுள்ளனர். மேலே கண்ட பெயர்களின் பட்டியல் அம்முடிவுக்கு மொழிவழிச் சான்றாகிறது.

மொய்: மறைக்கப்படாத கணக்கு

அன்பளிப்பு என்பது திருப்பித் தர வேண்டிய ஒன்றே என்பதை 1925இல் மார்செல் மோஸ் நிறுவிய பிறகு, அதைக் கடனிலிருந்து பிரிப்பது எது என்ற வினா எழுந்தது. பியர் பூர்தியு தந்த விடை புகழ்பெற்றது. கொடைக்கும் மறுகொடைக்கும் இடையில் செல்லும் காலமும், இரு தரப்பினரும் கணக்கை அறியாதவர்போல் நடந்துகொள்வதுமே அன்பளிப்பை அன்பளிப்பாக வைத்திருக்கின்றன என்றார் அவர். இவ்விளக்கம் தமிழக மொய்க்குப் பொருந்துமா?

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய்விருந்துகளை நோக்கினால், பொருந்தாது என்றே சொல்ல வேண்டும். திருமணமோ காதணி விழாவோ இல்லாமல், மொய் பெறுவதற்கென்றே அழைப்பிதழ் அச்சிட்டு, கறிவிருந்து வைத்து, பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்தும் நிகழ்ச்சி இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை எழுதப்படும். தொகை சில கோடிகளை எட்டிய விருந்துகள் செய்தித்தாள்களில் இடம்பெற்றுள்ளன. பிற வட்டாரங்களிலும் மொய்ப்பணத்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கம் இருந்து வந்துள்ளது. பெற்றவர், கொடுத்தவரின் விருந்து வரும்போது பழைய மொய்யைத் திருப்பி, அதன்மேல் ஒரு தொகையைப் புதிதாகவும் வைக்க வேண்டும். வாங்கிய அளவை மட்டும் அப்படியே திருப்பினால், கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று பொருள். உறவும் அவ்வளவில் முடிகிறது.

எனவே இங்குக் கணக்கு மறைக்கப்படவில்லை. பந்தலின் நடுவில் மேசை போட்டு எழுதப்படுகிறது. மறைக்கப்படுவது பெயர் மட்டுமே. வாங்கிய மொய்யைக் ‘கடன்’ என்று ஒருவர் சொன்னால், அது உடனே இரண்டு கேள்விகளுக்கு இடம் தந்துவிடும்: எப்போது தருவாய், வட்டி என்ன? மொய்யில் முதற்கேள்விக்கு விடை, கொடுத்தவர் வீட்டு நிகழ்ச்சி. அதற்கு முன் கேட்பது முறையன்று. இரண்டாம் கேள்விக்கு விடை, மேல் வைக்கும் புதுமொய். அது வட்டிபோல் தோன்றினாலும் கொடுப்பவர் பக்கம் புதிய வரவாகப் பதிந்து, அடுத்த சுற்றில் திரும்பி வர வேண்டியது. முதலை முற்றாக அடைக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் சற்றே மிகுதியாக வைத்து, இருவரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் கடன்பட்ட நிலையைக் காப்பதே இதன் இயக்கம். சாவா மூவாப் பேராட்டைப் போல இதுவும் முடிந்துவிடக் கூடாத கணக்கு; வேறுபாடு, இதில் பொறுப்பு இரு பக்கமும் மாறிச் செல்கிறது.

இதை உழவர் கண்டுபிடித்த வட்டியில்லா வங்கி என்று போற்றுவது இன்று வழக்கமாகியுள்ளது. அப்போற்றுதல் பாதி உண்மை. மாறி மாறிச் செல்லும் இக்கணக்கில் நுழைவதற்கே முதலில் கொடுக்கும் ஆற்றல் வேண்டும். விருந்து நடத்தும் செலவையும் தாங்க வேண்டும். அடுத்தடுத்த அழைப்புகளுக்கு மொய் வைக்கவே இரண்டு வட்டி, மூன்று வட்டிக்குப் பணம் புரட்டுவோர் உண்டு. அப்போது கடன் என்று பெயரில்லாத ஒன்றைத் தீர்க்கக் கடன் என்று பெயருள்ள ஒன்று வாங்கப்படுகிறது.

முன்பணம்: பெயரே விலங்காகும் இடம்

இதுவரை கண்டவற்றில் பெயர் விலக்கம் பெரும்பாலும் இரு தரப்பின் மதிப்பையும் காத்தது. உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் முன்பணத்தில் நிலைமை வேறு.

இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைத் திரட்டிச் சென்ற கங்காணிகள், பயணச் செலவையும் வழிச்செலவையும் முன்பணமாகக் கொடுத்து, அதைத் தொழிலாளர் பெயரில் பற்றாக எழுதினர். தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்ல வேண்டுமானால், அவருக்குரிய பற்றுத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்தினால் விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டு வேண்டும். ‘துண்டு’ எனப்பட்ட அச்சீட்டின் மூலம் கைமாறியது கடன் என்று கணக்கு காட்டியது. உண்மையில் கைமாறியவர் தொழிலாளர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தஞ்சை வட்டாரப் பண்ணையாளின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. திருமணத்துக்கும் சாவுக்கும் மிராசுதாரர் கொடுத்த சிறுதொகைகள் தலைமுறைகளைத் தாண்டி நின்றன. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அவர்களை வெளியேற்றுவதற்குக்கூடச் சட்டத் தடை இருக்கவில்லை.

இன்று செங்கல் சூளைகளில் இதன் பெயர் ‘அட்வான்ஸ்’. மழைக்காலம் முடிந்து சூளை தொடங்குமுன் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுக்கப்படுகிறது. அறுக்கும் கற்களை ஆயிரக் கணக்கில் எண்ணிக் கூலி கணக்கிடப்படுகிறது. வாரச் செலவுக்குக் கொடுத்தது போக எஞ்சிய கூலி முன்பணத்தில் கழிக்கப்பட்டு, பருவ முடிவில் ‘கணக்கு முடிக்கப்படுகிறது’. மீதி நின்றால் அடுத்த பருவத்துக்கும் அதே சூளை.

கடன் என்ற பெயருக்கும் முன்பணம் என்ற பெயருக்கும் உள்ள வேறுபாடு இங்கு மிகக் கூர்மையாகிறது. கடன் வாங்கியவர் தர வேண்டியது பணம். அதை எங்கு உழைத்து ஈட்டினார் என்று கொடுத்தவர் கேட்க முடியாது. முன்பணம் வாங்கியவர் தர வேண்டியது வேலை. அதையும் அவ்விடத்திலேயே, அந்தக் கூலிக்கே தர வேண்டும். இடையில் வெளியேற விரும்புபவர் பணத்தைத் திருப்புவதாகச் சொன்னாலும், ‘வேலைக்குத்தானே கொடுத்தேன்’ என்ற விடை அவரைத் தடுக்கிறது. அப்படியும் ஓடிவிட்டால், அத்தொகை ஒரே நொடியில் கடனாகப் பெயர் மாறி, ஏமாற்றியவர் என்ற பழியோடு ஊருக்கே தேடி வருகிறது. எந்தப் பெயர் எப்போது வழங்க வேண்டும் என்பதைக் கொடுத்தவரே தேர்கிறார்.

இந்த இடத்தில்தான் சட்டம் மூன்றாவது பெயரொன்றைச் சூட்டியது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976இல் இயற்றப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், பணமாகவோ பொருளாகவோ கொடுத்த முன்பணத்துக்காக ஒருவர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தால், அத்தொகையைக் கொத்தடிமைக் கடன் என வரையறுத்து, அதைத் திருப்பித் தரும் பொறுப்பே அழிந்துபோவதாக 6ஆம் பிரிவில் அறிவித்தது. கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அன்று என மெய்ப்பிக்கும் சுமையை 15ஆம் பிரிவு கொடுத்தவர்மேல் வைத்தது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் 1983 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தாலே அது முன்பணத்துக்கு ஈடானது எனக் கொள்ள வேண்டும் என்றது. ஒரே தொகைக்குக் கடன் என்று பெயரிட்டால் பணம் தர வேண்டும். முன்பணம் என்றால் உழைப்புத் தர வேண்டும். கொத்தடிமைக் கடன் என்றால் எதுவும் தர வேண்டியதில்லை. வருவாய்த்துறை விசாரணைகளில் சூளை உரிமையாளர்கள் ‘அட்வான்ஸ்தான்’ என்று வலியுறுத்துவதும், தொழிலாளர்களே அச்சொல்லைத் தயக்கமின்றி ஒப்புவதும் இப்பின்னணியில் புரிந்துகொள்ளத்தக்கவை.

தெருச்சொற்களைச் சட்டமாக்குதல்

2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இயற்றிய மிகைவட்டித் தடைச் சட்டம் மொழி நோக்கில் விந்தையானது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதன் வரையறைப் பிரிவிலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற தெருச்சொற்கள் ஒலிபெயர்ப்பாக இடம்பெற்றுள்ளன. மீறுவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை தண்டமும் உண்டு. ஆனால் சொற்களை ஏற்ற சட்டம் அவற்றின் வழக்குப்பொருளை ஏற்கவில்லை. சட்டத்தின்படி, 1957ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டத்தின்கீழ் அரசு குறித்த விகிதத்தை மீறிய வட்டியே கந்துவட்டி. வழக்கிலோ, தெரு முனையில் இருக்கும் பெண்மணி வாங்கும் மூன்று வட்டி, ஆண்டுக்கு 36 விழுக்காடாகி அவ்வரம்பைத் தாண்டியிருந்தும், கந்துவட்டி எனப்படுவதில்லை. ‘இந்த மாதம் முடியவில்லை’ என்று சொல்லும் வாய்ப்பு எங்கே இல்லையோ, வெற்றுத்தாளில் கையொப்பம் எங்கே வாங்கப்படுகிறதோ, ஆள் அனுப்பி எங்கே வசூலிக்கப்படுகிறதோ அங்கேதான் கந்து என்ற சொல் தொடங்குகிறது. சட்டம் விகிதத்தை அளக்கிறது. வழக்கு உறவை அளக்கிறது.

விகிதத்தை விட்டுக் கடனின் எல்லையையே வரையறுக்க முயன்ற பழைய சட்டம் ஒன்று இதைவிடத் துணிவானது. இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி நிலுவையை நீக்கியது. முதலாகவோ வட்டியாகவோ முதலின் இருமடங்கை ஒரு விவசாயி ஏற்கெனவே செலுத்தியிருந்தால், கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. பத்திரத்தில் முதல் அப்படியே நின்றாலும், கட்டிய மொத்தமே கணக்கு என்ற நியாயம் இதில் உள்ளது. ‘அசலுக்கு மேல் வட்டி கட்டியாயிற்று’ என்று கடன்பட்டோர் இன்றும் சொல்லும் முறையீட்டுக்கு ஒரு முறையேனும் சட்ட வடிவம் கிடைத்தது.

‘தள்ளுபடி’ என்ற சொல்லில் இத்தெளிவு இல்லை. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 இலட்சம் விவசாயிகள் கூட்டுறவு வங்கிகளில் பெற்ற 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, கடன்பட்டவரின் பொறுப்பு நீங்கி, அரசு அதை ஏற்றது. வணிக வங்கிகள் பெருநிறுவனங்களின் வாராக்கடனைத் தம் கணக்கேட்டிலிருந்து நீக்குவதையும் செய்தித்தாள்கள் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. அங்கே பொறுப்பு நீங்குவதில்லை, வசூல் உரிமை தொடர்கிறது என்று வங்கிகள் ஒவ்வொரு முறையும் விளக்கமளிக்கின்றன. நடைமுறையில் வசூலாவது சிறுபங்கே என்பதால் அவ்விளக்கத்தை மக்கள் பொருட்படுத்துவதில்லை. அச்சொல் பொதுப்பேச்சில் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற கசப்போடு ஒலிக்கிறது.

மகளிர் குழுக்கள் வழியாக நுண்கடன் நிறுவனங்கள் கொடுக்கும் பணம் இப்பெயர்களின் வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது. ‘செவ்வாய்க்கிழமை குழு கட்ட வேண்டும்’ என்பதே அதற்குரிய பேச்சு. கடனும் வட்டியும் அத்தொடரில் இல்லை, தெருப் பெண்களின் கூட்டம் மட்டுமே உண்டு. கூட்டுப்பொறுப்பு அடிப்படையில் கொடுக்கப்படும் இப்பணத்தில், ஒருவர் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டியிருப்பதால், தவணை நாளில் வாசலில் நிற்பவர் நிறுவனத்தின் ஊழியர் மட்டுமல்லர், அடுத்த வீட்டுப் பெண்ணும்தான். கைமாற்றிலும் பாக்கியிலும் தவணை தள்ளச் சொல்லும் இடத்தை உறவு தந்தது. குழுவில் அதே உறவு ஈடாக வைக்கப்பட்டு, தவணை தள்ள முடியாதபடி செய்கிறது. கைமாற்றுக் கேட்டு ஒருத்தி செல்லக்கூடிய அண்டைவீட்டாரே குழுவில் அவளிடம் வசூலிப்பவராகவும் ஆவதால், அத்தெருவில் கைமாற்று என்ற வழக்கமே அருகத் தொடங்கியுள்ளதா என்பது அடுத்துக் களத்தில் ஆராயப்பட வேண்டிய வினா.